கோரிங் என்ற பெயரும் 34 பெயர்களும்: ஆல்பர்ட் கோரிங் விசாரணை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வழக்கு

1945 மே மாதம், போர் முடிந்த கையோடு, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் 50 வயது என்ஜினியர் ஒருவர் அமெரிக்க ராணுவத்திடம் தானாகவே வந்து நின்றார். அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அல்ல. எந்தப் படைப்பிரிவுக்கும் தலைமை தாங்கியதில்லை. ஆனாலும் அடுத்த 22 மாதங்கள் காவலிலும் சிறையிலும் கழிந்தன. அவர் பெயர் ஆல்பர்ட் கோரிங். ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் நெடுங்காலம் இருந்த விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங்கின் உடன்பிறந்த தம்பி.

நாஜித் தலைவர்களின் உறவினர்களைப் பற்றி எழுதும்போது இரண்டில் ஒன்று நடந்துவிடுகிறது. ‘எல்லாரும் ஒரே கூட்டம்தான்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். இல்லையென்றால் ஒரு நல்ல தம்பியைக் கண்டுபிடித்து மாலை போட்டுவிடுகிறோம். இரண்டுமே விசாரிக்கிற வேலையை விட்டுவிடுகின்றன. ஒரு பெயரைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும், அந்தப் பெயரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதை இந்த ஒரு வழக்கை வைத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கிறேன். ஆல்பர்ட் உதவியவர்கள், அவருக்காகச் சாட்சி சொன்னவர்கள், அவரை விசாரித்தவர்கள் ஆகியோரில் பொதுவாழ்வில் இருந்தவர்களை மட்டும் பெயரிட்டிருக்கிறேன். மற்றவர்களின் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

பின்னணி: ஒரே கூரையின் கீழ்

ஹெர்மன் பிறந்தது 1893 ஜனவரியில், ஆல்பர்ட் பிறந்தது 1895 மார்ச் 9 அன்று. இன்று நமீபியா என்று அறியப்படும் நாடு ஜெர்மன் காலனியாக இருந்தபோது அதன் முதல் ஆணையராக இருந்தவர் அவர்களுடைய அப்பா. குடும்பத்துக்கு அந்தஸ்து இருந்த அளவுக்குப் பணம் இல்லை. பிள்ளைகளின் ஞானத்தந்தையான ஹெர்மன் ஃபான் எபன்ஸ்டைன் என்ற செல்வந்த மருத்துவர்தான் அவர்களுக்கு ஆதரவாக இருந்தார். நியூரம்பெர்க் பக்கத்தில் வெல்டன்ஸ்டைன், ஆஸ்திரியாவில் மௌட்டர்ன்டோர்ஃப் என்று அவருக்கு இரண்டு கோட்டைகள். பிள்ளைகள் வளர்ந்தது அந்தக் கோட்டைகளில்தான். எபன்ஸ்டைனின் அப்பா யூதராகப் பிறந்து கிறித்தவத்துக்கு மாறியவர்.

ஆல்பர்ட் உண்மையில் எபன்ஸ்டைனுக்குப் பிறந்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. முகச்சாயலைக் காட்டிச் சொல்வார்கள், நிரூபணம் கிடையாது. ஆல்பர்ட்டைப் பற்றிய பல கட்டுரைகள் இந்த வதந்தியில்தான் தொடங்குகின்றன, அதனால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வில் அதற்கு இடமில்லை என்று நினைக்கிறேன். ஒருவர் நல்லது செய்ததற்கு அவருடைய ரத்தத்தில் காரணம் தேடினால், நாஜிகள் நம்பியதையே நாமும் நம்புகிறோம் என்றுதான் பொருள். அதே ஞானத்தந்தையின் சாப்பாட்டு மேசையில்தான் ஹெர்மனும் உட்கார்ந்து சாப்பிட்டார். எபன்ஸ்டைனை அண்ணார்ந்து பார்த்து வளர்ந்தவர் அவர், பெயரும் அவருடையதே.

முதல் உலகப் போரில் ஹெர்மன் பேர்பெற்ற போர்விமானி ஆனார். ஆல்பர்ட் தகவல்தொடர்புப் பிரிவில் என்ஜினியராக வேலை பார்த்தார், காயம்பட்டார், போர் முடிந்ததும் மியூனிக்கில் இயந்திரப் பொறியியல் படித்தார். 1923இல் ஹெர்மன் ஹிட்லரோடு சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்கத் தெருவில் இறங்கிய அதே ஊர்தான் மியூனிக். கட்சி விஷயத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. ஏறக்குறைய 12 ஆண்டுகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. பிற்காலத்தில் நியூரம்பெர்க் சிறையில் தன்னைப் பார்த்த மனநல மருத்துவரிடம், தம்பி எல்லா விதத்திலும் தனக்கு நேர்மாறானவன், அரசியலிலோ ராணுவத்திலோ நாட்டமில்லாதவன் என்று ஹெர்மனே சொல்லியிருக்கிறார்.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது ஆல்பர்ட் ஆஸ்திரியாவில் இருந்தார். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். வியன்னாவில் டோபிஸ்-சாஷா திரைப்பட நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பு கிடைத்தது. அரசியல் அவரைத் தேடி வராமல் இருந்திருந்தால் படப்பிடிப்புக் கூடத்தின் கணக்கையும் கருவிகளையும் பார்த்துக்கொண்டே ஓய்வுபெற்றிருப்பார்.

வியன்னா, 1938: கண்டவை

1938 மார்ச்சில் ஜெர்மன் ராணுவம் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்த வாரங்களில் வியன்னாவில் யூத ஆண்களையும் பெண்களையும் வீட்டிலிருந்து இழுத்துவந்து, முட்டிபோட வைத்து, தெருவைத் தேய்க்கச் சொன்னார்கள். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. இதற்குப் புகைப்படங்கள் இருக்கின்றன.

ஆல்பர்ட் அப்படி ஒரு இடத்தில் நின்றதும், மேல்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பெண்ணின் கையிலிருந்த பிரஷை வாங்கித் தானும் மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்ததும் பல பேர் வாய்வழி வந்த கதை. அங்கிருந்த அதிகாரி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். கோரிங் என்ற பெயரைக் கண்டதும் முழு நிகழ்ச்சியையும் அங்கேயே நிறுத்திவிட்டாராம். ஹெர்மன் கோரிங்கின் தம்பி தெருவில் மண்டியிட்டிருக்கும் காட்சிக்குப் பொறுப்பாளியாக யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள் என்பது நம்பக்கூடியதே. இந்தக் கதைக்குச் சில வடிவங்கள் உண்டு, விவரங்கள் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. எழுத்து ஆதாரம் அந்தக் காலத்தது அல்ல.

இதைவிடக் கனமான சாட்சியம் அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து வருகிறது. திரைப்பட நிறுவனத்தின் யூத முதலாளி கைது செய்யப்பட்டபோது, ஆல்பர்ட் தலையிட்டு அவரை விடுவிக்கவும், அவரும் குடும்பத்தாரும் நாட்டை விட்டு வெளியேறவும் உதவினார். அந்தக் குடும்பத்தார் இதைப் பிற்காலத்தில் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். உதவி பெற்றவரின் வீட்டாரே சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஜோசஃப் ஃபெர்டினான்ட் டாஹாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டிருந்தார். ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய உற்சாகத்தில் ஹெர்மன் உடன்பிறந்தவர்களிடம் ஆளுக்கொரு வரம் கேட்கச் சொன்னதாகவும், ஆல்பர்ட்டும் சகோதரிகளும் அந்த முதியவரின் விடுதலையைக் கேட்டதாகவும், அண்ணன் சங்கடப்பட்டாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகவும் ஆல்பர்ட் தரப்பு சொல்கிறது. அந்த முதியவர் சில மாதங்களில் வெளியே வந்தது பதிவான செய்தி.

இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லெஹாரின் மனைவி யூதர். அவரை யாரும் தொடக்கூடாது என்று பாதுகாப்பு வாங்கிக் கொடுத்ததில் தனக்குப் பங்கு உண்டு என்றார் ஆல்பர்ட். இதில் நிதானம் தேவை. லெஹாரின் இசை ஹிட்லருக்கே மிகவும் பிடித்தமானது, ஆகவே அந்தப் பாதுகாப்புக்குப் பல கைகள் காரணமாக இருந்திருக்கலாம். அதோடு, லெஹாருக்குப் பாடல்களும் வசனங்களும் எழுதிய ஃப்ரிட்ஸ் லோனர்-பெடாவுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. அவர் 1942இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். சிபாரிசால் கிடைக்கும் உயிர்ப்பிச்சை யாரோ ஒருவருடைய பழக்கவட்டம் முடிகிற இடத்தில் தானும் முடிந்துவிடும்.

ஸ்கோடா, 1939 முதல் 1945 வரை

1939 மார்ச்சில் செக் பகுதிகளை ஜெர்மனி விழுங்கியது. பில்சனில் இருந்த பெரிய ஆயுதத் தொழிற்சாலையான ஸ்கோடா, ஹெர்மன் கோரிங்கின் பெயரையே தாங்கிய அரசுத் தொழில் குழுமத்தின் பிடிக்குள் வந்தது. அந்த ஆண்டின் கடைசியில் ஆல்பர்ட் அங்கே ஏற்றுமதி இயக்குநராகச் சேர்ந்தார்.

அவருடைய வாழ்க்கையில் மிகச் சிக்கலான பகுதி இதுதான். இதை மழுப்பி எழுதும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. ஸ்கோடா பீரங்கி செய்த ஆலை. அங்கே செய்த தளவாடம் ஜெர்மன் ராணுவத்துக்குப் போனது. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில், அண்ணன் பெயர் கொண்ட குழுமத்தின் கீழ், நல்ல சம்பளத்தில் உட்கார்ந்திருந்தார் தம்பி. பிறகு செக்கோஸ்லோவாக்கியா அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதற்கு இந்தப் பதவியே போதுமான காரணம்.

அதே ஆலையில் அவரோடு வேலை பார்த்த செக் ஊழியர்கள் சொன்னது வேறு. ஜெர்மன் அதிகாரிகள் அறைக்குள் வந்தால் ஹிட்லர் வணக்கம் வைக்க மாட்டார் என்றார்கள். ஊழியர்கள் செய்த சிறு சிறு நாசவேலைகளையும், கணக்கில் காட்டாத தாமதங்களையும் கண்டும் காணாமல் இருந்தார், சில சமயம் தூண்டியும் விட்டார் என்றார்கள். எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர்களோடு தொடர்பு வைத்திருந்தார். கைதானவர்களின் வீட்டார் வந்து அழுதால் அன்றைக்கே கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதம் எப்படி வேலை செய்தது என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. அண்ணன் பேரரசின் தலைமை மார்ஷல். தம்பிக்கு அரசியல் பதவி எதுவும் இல்லை. கடிதத் தாளில் ‘கோரிங்’ என்று அச்சடித்திருக்கும், அடியிலும் ‘கோரிங்’ என்ற கையெழுத்து. அதைப் பிரிக்கிற முகாம் அதிகாரிக்கோ போலீஸ் அதிகாரிக்கோ எந்த கோரிங் என்று திருப்பிக் கேட்கத் துணிச்சல் வராது. கேட்டு, அது பெரியவராகவே இருந்துவிட்டால் வேலை போய்விடும். மேலே இருப்பவரைக் கண்டு நடுங்கியே ஓடிய ஒரு நிர்வாகத்தில் அந்த நடுக்கத்தையே ஆல்பர்ட் சாவியாக்கிக்கொண்டார். ஆலைக்கு ஆள் வேண்டும் என்று முகாமுக்கு லாரிகளை அனுப்பி, ஏற்றிவந்தவர்களை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இறக்கித் தப்பவிட்டதாகவும் நண்பர் குடும்பத்தினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இதற்கும் வாய்மொழிதான் ஆதாரம்.

நாஜி அரசின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. அவர் பேரில் கோப்பு இருந்தது. கைது ஆணைகள் பிறந்தன. 1944 வாக்கில் பிராகில் அதிகாரம் செலுத்திய, நாஜிகளின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.ஸின் தலைமை அவரைத் தீர்த்துக்கட்டும் அளவுக்கு வெறுத்தது. ஒவ்வொரு தடவையும் ஹெர்மன் குறுக்கே வந்து காப்பாற்றினார்.

அண்ணன் ஏன் காப்பாற்றினார்

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஹெர்மன் விஷயத்தில் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. தான் நினைத்தால் யாரையும் விடுவிக்க முடியும் என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமிதம். யார் யூதர் என்பதை முடிவு செய்கிற அதிகாரம் தன்னிடம் இருப்பதாக எண்ணியவர் அவர்.

ஆகவே இந்தக் கருணையை அதன் தேதிகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். வியன்னாவில் தம்பி கேட்டு ஒன்றிரண்டு பேரை விடுவித்த அதே 1938இல், நவம்பர் 12 அன்று, யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் எரிந்து மூன்று நாள்கூட ஆகாதபோது, அந்த அழிவுக்கான அபராதமாக யூதர்களே 100 கோடி மார்க் கட்ட வேண்டும் என்று அறிவித்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஹெர்மன். 1941 ஜூலை 31 அன்று, ‘யூதப் பிரச்சினைக்கு முழுத் தீர்வு’ காண ஏற்பாடு செய்யுமாறு, பாதுகாப்புப் போலீஸ் தலைவர் ரைன்ஹார்ட் ஹெய்ட்ரிக்குக்குப் போன கடிதத்தில் இருப்பது ஹெர்மனின் கையெழுத்து. தம்பிக்காக ஒரு ஆளை விட்ட கையும் அதுதான். சிலரை விட்டதைச் சொல்லும் எந்தக் கட்டுரையும் இந்த இரண்டு தேதிகளையும் சொல்லியே ஆக வேண்டும். இல்லையென்றால் தம்பியின் வெளிச்சம் அண்ணன் மேலும் விழுந்துவிடும்.

ஆக்ஸ்பர்க், 1945: முதல் விசாரணையும் முதல் முடிவும்

சரணடைந்த ஆல்பர்ட்டை அமெரிக்கர்கள் ஆக்ஸ்பர்க்கில் இருந்த ஏழாவது படையின் விசாரணை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சகோதரர்கள் இருவரும் கடைசியாகச் சந்தித்தார்கள். நீ சீக்கிரம் வெளியே போய்விடுவாய், என் மனைவியையும் மகளையும் பார்த்துக்கொள் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆல்பர்ட்டை அதிகாரிகள் விடுவிக்கவில்லை.

விசாரணையில் தன் கதையைச் சொன்னார், யாரும் நம்பவில்லை. அதன் பிறகு அவர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். தன் உயிருக்கு ஆபத்து இருந்தும், மூன்று முறை கெஸ்டபோ கைது ஆணை வந்தும், யார் யாருடைய உயிரையோ பிழைப்பையோ காப்பாற்றினேன் என்ற தலைப்பின் கீழ் 34 பெயர்கள், அகரவரிசையில். நம்ப மறுக்கும் அதிகாரி முன்னால் உட்கார்ந்து ஒரு என்ஜினியர் தயாரித்த அட்டவணை அது.

1945 செப்டம்பரில் விசாரணை மையம் தந்த அறிக்கை கடுமையானது. இந்த மையம் இதுவரை கண்டவற்றில் இவ்வளவு சாமர்த்தியமான பூசிமெழுகல் வேறில்லை என்ற பொருளில் அதை எழுதிய மேஜர் முடித்திருந்தார். அண்ணனின் உடல் பருமனையும் இழுத்துக் கிண்டல் செய்திருந்தார். முடிவு: காவலில் தொடர வேண்டும்.

அந்த மேஜருடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது அவசியம். அந்த ஆண்டு ஜெர்மனியில் யாரைக் கேட்டாலும் தனக்கு யூத நண்பர் இருந்ததாகவும், ஒருவருக்கு உதவியதாகவும் சொன்னார்கள். வதைமுகாம்களிலிருந்து கைதிகளை விடுவித்து நான்கைந்து மாதங்களே ஆகியிருந்தன. அந்த நிலையில் கோரிங் என்ற பெயருடைய ஒருவர், நான் 34 பேரைக் காப்பாற்றினேன் என்றால் சந்தேகப்படுவதுதான் ஒரு விசாரணை அதிகாரியின் கடமை. அவருடைய சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

சந்தேகத்துக்கு அடுத்து நடந்திருக்க வேண்டிய வேலை நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். பட்டியலில் இருந்தவர்கள் முகவரி தெரியாத ஆட்கள் அல்ல. உலகப் புகழ்பெற்ற ஓர் இசையமைப்பாளர், ஒரு நாட்டின் முன்னாள் தலைமை அமைச்சர் என்று தேடினால் கிடைக்கக்கூடியவர்கள் அதில் இருந்தார்கள். தேடிப்போய்க் கேட்ட தடம் எதுவும் அறிக்கையில் தெரியவில்லை. கேட்டிருந்தால் ஆல்பர்ட்டுக்குச் சாதகமான பதில் மட்டுமே வந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரியாவின் அந்த முன்னாள் தலைமை அமைச்சர் கூர்ட் ஃபான் ஷூஷ்னிக், 1938 முதல் 1945 வரை ஏழு ஆண்டுகள் கைதியாகவே இருந்தார். ‘காப்பாற்றினேன்’ என்ற சொல்லுக்குள் சிறையிலிருந்து மீட்டதும் அடங்குகிறது, சிறையில் நிலைமையைக் கொஞ்சம் இலகுவாக்கியதும் அடங்குகிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் என்ன செய்தார், எந்த ஆண்டு, யார் அறிவார் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பியிருந்தால் உண்மையும் மிகையும் அன்றைக்கே பிரிந்திருக்கும்.

இரண்டாவது விசாரணை

பிறகு வழக்கு வேறொரு அதிகாரியின் கைக்குப் போனது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப் போய் ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். பட்டியலைப் பார்த்தபோது அதில் லெஹாரின் பெயர் கண்ணில் பட்டது. லெஹாரின் மனைவி அந்த அதிகாரிக்கு அத்தை. குடும்பத்துக்குள் பேசிக்கொண்ட விஷயத்தை எதிரில் உட்கார்ந்திருந்த கைதியே எழுதி வைத்திருந்தார். அதற்குப் பிறகு விசாரணையின் போக்கு மாறியது, ஆல்பர்ட்டுக்குச் சாதகமான கருத்து கோப்பில் ஏறியது.

இதை வாசிக்கும் எல்லாருக்கும் மனம் நெகிழும், எனக்கும் நெகிழ்ந்தது. நடைமுறையாகப் பார்த்தால் இது ஆபத்தானது. முதல் அதிகாரி பெயரைப் பார்த்து நம்ப மறுத்தார். இரண்டாவது அதிகாரிக்கு நம்புவதற்குக் கிடைத்ததும் ஒரு பெயர்தான். உறவினர் பலனடைந்த வழக்கில் அவர் சாட்சியாகக் கையெழுத்திட்டு, விசாரணையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தால் அவருடைய சொல்லுக்கு இன்னும் எடை கூடியிருக்கும். பட்டியலில் மீதி 33 பெயர்கள் இருந்தன. அவற்றுக்கு உறவுக்கார அதிகாரிகள் யாரும் வந்து வாய்க்கவில்லை.

எப்படியானாலும் இந்தக் கருத்தால் விடுதலை கிடைக்கவில்லை.

பிராக், 1946–47

ஸ்கோடாவில் வகித்த பதவியைக் காரணம் காட்டிச் செக்கோஸ்லோவாக்கியா கேட்டது, அமெரிக்கர்கள் ஒப்படைத்தார்கள். பிராகின் பாங்க்ராட்ஸ் சிறைக்கு ஆல்பர்ட் போனார். 1946 அக்டோபர் 1 அன்று நியூரம்பெர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் அண்ணனுக்கு மரண தண்டனை அறிவித்தார்கள். தூக்கில் போடவிருந்த நேரத்துக்குச் சற்று முன், 15ஆம் தேதி இரவு, ஹெர்மன் விஷம் அருந்தி இறந்தார். ஒரு கோரிங்கை விசாரிக்க அந்த நகரத்தில் அதைவிட மோசமான காலம் இருந்திருக்க முடியாது.

ஆனால் இந்த வழக்கில் முறையாக வேலை நடந்த இடம் பிராக்தான். ஸ்கோடாவில் வேலை பார்த்த செக் ஊழியர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். ஆறு ஆண்டு ஆக்கிரமிப்பில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்த ஊர் அது. ஜெர்மானியர் ஒருவருக்காக, அதுவும் அந்தப் பெயர் கொண்டவருக்காக, பேச எழுந்தவர்களை அண்டைவீட்டார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். அதில் அவர்களுக்கு லாபம் எதுவும் கிடையாது. 1947 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

அதே காலத்தில் மற்ற தம்பிகள்

ஆல்பர்ட்டைத் தனியாகப் பார்த்தால் அவருக்கு எவ்வளவு வழிகள் திறந்திருந்தன என்பது தெரியாது. அதே நிலையில் இருந்த வேறு சிலரையும் சுருக்கமாகப் பார்க்கலாம்.

கோரிங் சகோதரர்களுக்கு உறவினரான மத்தியாஸ் கோரிங் ஒரு மனநல மருத்துவர். கட்சியில் சேர்ந்தார். யூத மருத்துவர்கள் விரட்டப்பட்ட பின் 1936இல் பெர்லினில் உருவான உளவியல் சிகிச்சை நிறுவனத்துக்குத் தலைவர் ஆனார். ஊரே அதைக் கோரிங் நிறுவனம் என்றுதான் அழைத்தது. ஆல்பர்ட்டின் கடிதத்தாளில் இருந்த அதே பெயர் இங்கே ஒரு துறைக்கு நிதியையும் அந்தஸ்தையும் கொண்டுவந்தது.

எஸ்.எஸ். தலைவர் ஹைன்ரிக் ஹிம்லரின் தம்பி எர்ன்ஸ்ட் வானொலித் துறையில் என்ஜினியர். போரின் கடைசிக் காலத்தில், யூத வம்சாவளி கொண்ட ஒரு தொழில்நுட்ப வல்லுநரைத் தொடர்ந்து வேலையில் வைத்திருப்பது அவசியமா என்று அண்ணன் தரப்பு கருத்துக் கேட்டது. அவர் இல்லாமல் முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மனிதருக்குப் பாதுகாப்பு. எர்ன்ஸ்ட் அந்த வரியை எழுதவில்லை, பாதகமாகவே எழுதினார். இந்த வழக்கோடு ஒப்பிட எனக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தெரியாது. அதே படிப்பு, அதே மாதிரி அண்ணன், கையில் அதே மாதிரி ஒரு காகிதம்.

ரைன்ஹார்ட் ஹெய்ட்ரிக்கின் தம்பி ஹைன்ஸ் தொடக்கத்தில் நாஜி ஆதரவாளர்தான். போர்வீரர்களுக்கான ஒரு பத்திரிகையை நடத்தினார். 1942இல் அண்ணன் கொல்லப்பட்ட பின் அண்ணன் விட்டுச்சென்ற காகிதங்கள் அவரிடம் வந்தன. இரவெல்லாம் உட்கார்ந்து படித்துவிட்டு எரித்தார் என்று வீட்டார் நினைவுகூர்ந்தார்கள். அதன் பிறகு தன் பத்திரிகை அச்சகத்தைக் கொண்டே பொய் அடையாளப் பத்திரங்கள் அடித்து யூதர்களைத் தப்பவைத்தார். 1944 நவம்பரில் அதிகாரிகள் சோதனைக்கு வந்தபோது பிடிபட்டுவிட்டோம் என்று எண்ணித் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். வந்தவர்கள் உண்மையில் விசாரிக்க வந்தது காகிதத் தட்டுப்பாட்டைப் பற்றி.

ஹிட்லரின் செயலாளர் மார்ட்டின் போர்மனின் தம்பி ஆல்பர்ட் போர்மன் ஹிட்லரின் அலுவலகத்திலேயே வேலை பார்த்தார். அண்ணனோடு பேச்சே கிடையாது. ஒரே அறையில் நின்றாலும் முகம் பார்க்க மாட்டார்கள். அந்தப் பகை யாரையும் காப்பாற்றப் பயன்படவில்லை. அண்ணனைப் பிடிக்காமல் இருப்பதை எதிர்ப்பு என்று எண்ணிவிடுகிறவர்களுக்காகவே இவரைச் சேர்த்திருக்கிறேன்.

விடுதலைக்குப் பின்

ஆல்பர்ட் ஆஸ்திரியா வழியாக மியூனிக் போய்ச் சேர்ந்தார். தகுதியும் அனுபவமும் உள்ள என்ஜினியர். விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்தவர்கள் வேலை தரவில்லை. பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். செக் மனைவி பெண்குழந்தையோடு பெரு நாட்டுக்குப் போய்விட்டார். குடி கூடியது. மொழிபெயர்ப்பு, வரைபட வேலை என்று அவ்வப்போது கிடைத்ததை வைத்துக் காலம் தள்ளினார். போர்க்காலத்தில் உதவி பெற்றவர்கள் சிலர் உணவுப் பொட்டலம் அனுப்பினார்கள்.

1966 டிசம்பரில், உடல்நிலை முடிந்துவந்த நேரத்தில், தன்னைப் பார்த்துக்கொண்ட வீட்டுப் பணியாளரைத் திருமணம் செய்துகொண்டார். அரசு ஓய்வூதியம் அவர் மறைவுக்குப் பின் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேரட்டும் என்பதே காரணம். ஒரு வாரத்தில், டிசம்பர் 20 அன்று, இறந்தார். ஒரு கையெழுத்தால் ஒருவருடைய பிழைப்புக்கு வழி செய்ய முடியும் என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்றுதான் இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

உயிருடன் இருந்தவரை அவரைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. 1990களின் கடைசியிலிருந்துதான் ஊடகங்களும் ஆய்வாளர்களும் தேடிப் போனார்கள். யூதர்களைக் காத்த யூதரல்லாதவர்களுக்கு இஸ்ரேலின் யாட் வாஷெம் நினைவகம் வழங்கும் அங்கீகாரத்துக்கு அவர் பெயரும் பரிசீலனைக்குப் போனது. 2010களில் முடிவு தெரிந்தது. அவர் சிலருக்கு உதவியதற்கும் யூதர்கள்மேல் நல்லெண்ணம் கொண்டிருந்ததற்கும் அறிகுறிகள் உண்டு, ஆனால் யூதர்களை நாடுகடத்தலிலிருந்தும் சாவிலிருந்தும் மீட்க அசாதாரணமான ஆபத்தை ஏற்றார் என்று காட்டப் போதிய முதல்நிலை ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம்.

பலருக்கு இந்த முடிவில் கோபம் உண்டு. எனக்கு இல்லை. அந்த அமைப்பு தன் அளவுகோலைக் கோரிங் பெயருக்காக இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. ஆதாரம் ஏன் இல்லை என்று கேட்டால், ஆல்பர்ட் உதவிய விதமே அதற்குக் காரணம். கடிதம் போனது, தொலைபேசி மணி அடித்தது, ஆள் வெளியே வந்தார். தடயம் வைப்பது எல்லாருக்கும் ஆபத்து. எஞ்சியது மனிதர்களின் நினைவு. அதைக் கேட்டு எழுதிவைக்க ஏற்ற காலம் 1945. அன்றைக்கு எழுதினது பூசிமெழுகல் என்ற ஒரு தீர்ப்பு மட்டும்.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலாவது, பட்டியலைக் கொடுத்த அன்றே சரிபார்க்கும் வேலை. சாட்சிகள் வயதாகி மறையும் முன் கேட்பதற்கு ஈடாகப் பிற்காலத்து ஆய்வு எதுவும் வராது. போருக்குப் பிந்தைய எந்த நாட்டு விசாரணையிலும், ‘நான் உதவினேன்’ என்று சொல்கிறவரின் கூற்றை நம்புவதும் நம்பாததும் பிறகு இருக்கட்டும். உதவி பெற்றதாகச் சொல்லப்படுகிறவரைக் கண்டுபிடித்து எழுத்தில் வாங்குவது முதலில் நடக்க வேண்டும்.

இரண்டாவது, பெயரையும் பதவியையும் பிரித்து விசாரிப்பது. ஆக்ஸ்பர்க்கில் அவர் அண்ணனின் தம்பியாக விசாரிக்கப்பட்டார். பிராகில் ஸ்கோடா இயக்குநராக விசாரிக்கப்பட்டார். பதவியைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், வந்தார்கள். தம்பியாக இருந்த குற்றத்துக்கு யார் வந்து என்ன சாட்சி சொல்ல முடியும்?

மூன்றாவது, நம்மைப் போல் பின்னால் எழுதுகிறவர்களுக்கு. ஆல்பர்ட்டைப் பற்றி வருகிற எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்காமல், உதவி பெற்ற குடும்பமே சொன்னவை, உடன் வேலை பார்த்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்னவை, அவரே விசாரணையில் சொன்னவை, கைமாறிக் கைமாறி வந்த கதைகள் என்று பிரித்து வைக்கலாம். அப்படிப் பிரித்தால் தெருவில் மண்டியிட்ட காட்சி கடைசி அடுக்குக்குப் போகும். வாசகரை இழுக்கிற காட்சி அதுதான் என்பதால் எழுதுகிறவர்கள் அதை முதலில் வைக்கிறார்கள். நான் இந்த வழக்கைப் பாடமாகச் சொல்ல நேர்ந்தால் ஸ்கோடா ஊழியர்களில் தொடங்குவேன். அவர்களுடைய சொல் ஒரு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது, எதிர்த்தரப்பு கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் சொல்லப்பட்டது, அதன் பேரில் ஒரு மனிதர் விடுதலையானார்.